ஏகமனதாக என்று எழுதிய கை

ஆபா,

விரலில் புளி வாடையும் பித்தளை வாடையும் இன்னும் போகவில்லை. வெள்ளிக்கிழமைக்காக விளக்கு தேய்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் என் மகள் நித்யா ஜெர்மனியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்துப் பார்த்தால், அங்கே அவளும் அதே வேலையில்தான் இருக்கிறாள். கனத்த கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, நடைபாதையில் மண்டியிட்டு, தரையில் பதித்திருந்த உள்ளங்கை அகலப் பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் தேய்க்கிறாள். போகிற வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். "இவங்கல்லாம் ஏதோ பவுடர் போட்டுத் தேய்க்கிறாங்கம்மா. நான் நம்ம புளிய கொண்டாந்தேன். எப்டி பளபளன்னு வந்துச்சு பாரு" என்றாள்.

அந்தத் தகடு யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஜெர்மன்காரம்மாவைப் பற்றி நாம் இரண்டு பேரும் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருக்கிறோம். அன்றைக்கு உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. இப்போது எழுதி இன்னா ஆகப் போகுது என்று கேட்பீர்கள். எழுத வேண்டிய நாளில் எழுதாதவள்தானே நான். அந்தக் கதையை ஒழுங்காக, முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அப்பா இறந்து, கருணை அடிப்படையில் எனக்கு நகராட்சியில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்த புதிது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மன்றக் கூட்டத்தில் குறிப்பு எடுக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். யார் என்ன பேசினாலும் ஒரு நோட்டில் கிறுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு மேனேஜர் பார்த்துத் தந்ததைத் தீர்மானப் புத்தகத்தில் நல்ல எழுத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் மன்றத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பெண் உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வருவார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாற்காலியில் வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. எனக்கும்தான்.

பதினோராம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால், உங்கள் வீட்டுக்காரர் பாய், தான் நிற்க முடியாமல் உங்களை நிறுத்தினார். தோல் மண்டி வைத்திருந்த மனுஷன், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர், நீங்கள் ஜெயித்தீர்கள். முதல் கூட்டத்தன்று நீங்கள் கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் அவர் உங்கள் நாற்காலியில் சம்பிரமமாக உட்கார்ந்துவிட்டார். நீங்கள் போய் அவர் எதிரில் நின்றீர்கள்.

"ஏங்க, எழுந்துருங்க. அது என் சீட்டு."

"நான் பாத்துக்கறேன், நீ ஊட்டுக்குப் போ."

"ஓட்டு எனக்குப் போட்டாங்க. நீங்க கீழ போய் டீ சாப்டுங்க. முடிஞ்சதும் ஆள் அனுப்பறேன்."

மன்றமே சிரித்தது. பாயும் சிரித்தபடி எழுந்து போனார், காது மட்டும் சிவந்திருந்தது. நான் நோட்டால் வாயை மூடிக்கொண்டேன். அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கூட்டம் முடிந்ததும் நேராக என் மேஜைக்கு வந்து, "இன்னாமா, ரொம்ப சிரிப்பா? பேரு இன்னா?" என்றீர்கள்.

"சுகுணாங்க மேடம்."

"மேடம்லாம் வேணாம். எங்க ஊட்ல அக்காவ ஆபான்னு கூப்புடுவோம். நீயும் அப்டியே கூப்புடு."

அன்றிலிருந்து இந்த வரி வரைக்கும் உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தெருவே ஆபா என்றுதான் சொல்லும்.

ஒரு திங்கட்கிழமை உங்கள் வார்டுத் தெருவிளக்குக்கு மனு கொடுக்க வேலூர் கலெக்டர் ஆபீசுக்குத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். திரும்பும்போது லாங் பஜாரில் கைவண்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து நடந்து, எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தீர்கள். கரும்பச்சை நிறம், தங்க நிறக் கிளிப். கடைக்காரரிடம் பேரம் பேசி அவரை ஒரு வழி பண்ணிவிட்டு வெளியே வந்து சொன்னீர்கள்: "நாங்க வாயால பேசறது காத்துல போய்டும் சுகுணா. உன் பேனால ஏறுனாத்தான் நிக்கும்." நீங்கள் அதை விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். நானும் விளையாட்டாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

கிணற்றுத் தெருக் கிணறு உங்கள் வார்டில் இருந்தது. தோல் தொழிற்சாலைத் தண்ணீர் வருஷக்கணக்காக மண்ணில் இறங்கி, ஊரில் போர் போட்டால் உப்பு, கிணறு வெட்டினால் உப்பு. எந்த அதிசயமோ, அந்த ஒரு கிணறு மட்டும் தப்பித்திருந்தது. விடிந்ததும் குடங்கள் வரிசையாக நிற்கும். அந்த இடத்தின் மேல் பெரிய தோல் வியாபாரி ஒருவருக்குக் கண் விழுந்தது. கிணற்றை மூடி, இடத்தைக் கிடங்கு கட்டக் குத்தகைக்கு விடுவது என்று மன்றத்துக்குத் தீர்மானம் வந்தது. தெருவுக்கு லாரியில் தண்ணீர் வரும் என்றார்கள். வியாபாரி உங்கள் ஜமாத்துக்காரர். பாய் மண்டிக்குச் சரக்கு தருகிறவரும் அவரே.

அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் இரண்டு பெரிய பிளாஸ்க்குகளோடு வந்தீர்கள். எல்லாருக்கும் நீங்களே டீ ஊற்றிக் கொடுத்தீர்கள். எனக்கும் ஒரு கப். நகராட்சி டீயைக் குடித்துப் பழகிய வாய்க்கு அது விருந்து. எங்கள் ஊர்த் தண்ணீரில் பால் சேர்த்துக் கொதிக்க வைத்தால் பாதி நாள் திரிந்துபோகும், இல்லாவிட்டால் உப்புக் கரிக்கும். தலைவர் கப்பைத் தூக்கிக் காட்டி, "டீன்னா இது டீ. எந்தக் கடைம்மா?" என்றார். "கடை இல்லீங்க. நீங்க மூடப் போற கெணறு" என்றீர்கள். யாரோ புரையேறி இருமினார்கள்.

குடித்தார்கள், பாராட்டினார்கள், அப்புறம் கையைத் தூக்கினார்கள். அத்தனை கையும் கிணற்றை மூடத்தான்.

"சரி, ஏகமனதா நிறைவேறுச்சுன்னு போட்டுக்கோமா" என்றார் தலைவர்.

"இல்ல. நான் வேணாம்னு சொல்றேன்" என்று நீங்கள் எழுந்து நின்றீர்கள். "பால் திரியாம டீ போடறதுக்கு ஊர்ல மிச்சம் இருக்கறது இந்தத் தண்ணி ஒண்ணுதான். இதயும் மூடிட்டா நம்ம ஊட்டுக்கு வர்றவங்களுக்கு இன்னாத்த குடுப்பீங்க? நான் எதிர்க்கறேன். எழுதிக்கோ சுகுணா."

எழுதிக்கொண்டேன் ஆபா. வார்த்தை பிசகாமல், நீங்கள் வாங்கிக் கொடுத்த பேனாவால், என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "ஏம்மா, ஒருத்தங்க எதிர்த்தாங்கன்னு போட்டா நாளைக்கு கோர்ட்டு, கேசுன்னு எவனாவது கெளம்புவான். ஊரோட ஒத்துப் போகணும். நீ இன்னும் பர்மனென்ட் ஆகல, ஞாபகம் இருக்கா?" என்றார். அது ஒரு பயம். இன்னொன்றை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு மத்தியானம் பாய் வந்தார். என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, செருப்பைப் பார்த்தபடியே பேசினார். "அம்மா, அவ சொன்னத எழுதாதீங்க. சரக்க நிறுத்திடுவாங்க. மண்டிய மூடிட்டுப் போக வேண்டியதுதான். அவளுக்கு நல்லதுக்குத்தான் கேக்கறேன்" என்றார். அந்தப் பெரிய மனுஷன் என்னை வாங்க போங்க என்று பேசியதே எனக்கு என்னவோ போல் இருந்தது.

பாயைக் காட்டிக் கொடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கேட்டார், எழுதியது நான். உங்கள் நல்லதுக்குத்தான் என்று அவர் சொன்னதை நானும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பயந்தவளுக்கு இப்படி ஒரு சாக்கு கிடைத்தால் போதாதா? தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, 'மன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது' என்று முத்து முத்தாக எழுதினேன். எழுதும்போது உங்கள் பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டு, ஆபீஸ் பேனாவை எடுத்துக்கொண்டேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லவே முடியாது. கைக்குத் தெரிந்திருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. தீர்மான நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஏகமனதாக என்றால் ஆபாவும்தானே என்று கிணற்றுத் தெரு படித்துக்கொண்டது. மற்ற உறுப்பினர்களும் "உங்க ஆபாவே ஒத்துக்கிட்டாங்க, எங்கள இன்னாத்துக்குக் கேக்கறீங்க" என்று கையைக் கழுவினார்கள். கிணற்றில் மண் கொட்டிய அன்றைக்கு அந்தத் தெருப் பெண்கள் காலிக் குடங்களை எடுத்து வந்து உங்கள் வாசலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். திட்டியிருந்தால் நீங்களும் பதிலுக்குப் பேசியிருப்பீர்கள்.

மறுநாள் ஆபீசுக்கு வந்து நகல் கேட்டீர்கள். நானே எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தீர்கள். "உன் எழுத்து எவ்ளோ அழகா இருக்கு சுகுணா" என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த கூட்டத்துல கேப்பேன். அப்ப சொல்லிடு. போதும்" என்றீர்கள். எனக்கு ஒரு தவணை கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

அடுத்த கூட்டத்தில் கேட்டீர்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். "இன்னாமா, மேடம் எதிர்த்தாங்களா?"

நோட்டு என் மடியில்தான் இருந்தது. நாலு பக்கம் புரட்டினால் நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. மேனேஜர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சரியா காதுல விழல சார்" என்றேன்.

நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். அன்றைக்கு அதற்குப் பிறகு எந்தப் பொருளிலும் பேசவில்லை. அடுத்த தேர்தலில் நின்று தோற்றீர்கள். கிணற்றுத் தெருவில் உங்களுக்கு விழுந்த ஓட்டு உங்கள் வீட்டு ஓட்டுதான் என்று ஊர் சிரித்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை நீங்கள் சுமந்தீர்கள், என் வேலை பர்மனென்ட் ஆயிற்று. நித்யாவைப் படிக்க வைத்ததெல்லாம் அந்தச் சம்பளம்தான்.

இதற்குப் பிறகு நீங்கள் என் முகத்தில் முழிக்காமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீங்களோ வருஷா வருஷம் நோன்பு மாசத்தில் ஆள் அனுப்புவீர்கள். போனால் ஒரு தூக்கு நிறையக் கஞ்சி. "உப்பு கம்மியா இருக்கா பாரு" என்று கேட்பீர்கள். கிணற்றைப் பற்றி மட்டும் நாம் இருவரும் வாயே திறக்க மாட்டோம். ரிட்டையர் ஆன பிறகாவது சொல்லியிருக்கலாம். வேலை போகும் என்ற பயம் போய், வெட்கம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அப்படிப் போன வருஷம் கஞ்சி வாங்க வந்தபோதுதான் நித்யா அனுப்பிய படத்தைக் காட்டினேன். ஜெர்மனியில் அவள் ஷூ கம்பெனியில் சாம்பிள் பார்க்கிறாள். வேலைக்கு நடந்து போகிற வழியில் ஒரு வீட்டு வாசலில் அந்தத் தகடு. இங்கே வசித்தார் என்று போட்டு, ஒரு பெண்ணின் பெயர். அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டிருக்கிறார்களாம். கூட வேலை செய்கிறவளிடம் அர்த்தம் கேட்டு எனக்குச் சொல்லியிருந்தாள். அதை உங்களுக்குச் சொன்னேன்.

யூதப் பெண். தோல் வியாபாரி ஒருவரின் மனைவி. "அங்கயும் தோலா!" என்று நீங்கள் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தீர்கள். முதல் உலகப் போர் முடிந்து, பெண்களுக்கு ஓட்டு வந்த புதிதில் ஊர் மன்றத்துக்கு நின்று ஜெயித்தவர். மேஜையின் கோடியில்தான் இடம் கொடுப்பார்களாம். தலையில் வைத்த தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்து பேசுவாராம். போரில் புருஷனைப் பறிகொடுத்த பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கவே வீட்டில் ஒரு அறை ஒதுக்கி வைத்திருந்தாராம். ஒரு முறை, காசில்லை என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த பாலை நிறுத்த மன்றத்தில் தீர்மானம் வந்தது. அவர் ஒருவர் மட்டும் எதிர்த்தார். கூலி இல்லாத வீட்டுப் பிள்ளை நாள் முழுக்கக் குடிக்கிற பால் அது ஒன்றுதான் என்றாராம்.

"பால் நின்னுச்சா, இல்லியா?" என்று கேட்டீர்கள்.

"பால நிறுத்திட்டாங்க ஆபா."

தலையை ஆட்டிக்கொண்டீர்கள். மீதியையும் சொன்னேன். நாஜிகள் வந்ததும் அவருடைய நாற்காலியை எடுத்துவிட்டார்கள். கடையைப் பிடுங்கினார்கள். அவரிடம் மனு எழுதி வாங்கிப் போன பெண்களே தெருவில் அவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் ஏறி நடந்தார்கள். கடைசியில் ஒரு காலை வேளையில், ஊர் பார்க்க, அவரையும் அவர் புருஷனையும் ரயிலடிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். கொண்டுபோன இடத்தில் கொன்றுவிட்டார்கள். அப்படிப் போனவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலில்தான் பெயரைப் பித்தளையில் பதித்து வைக்கிறார்களாம்.

"அக்கம்பக்கம் இன்னா பண்ணுச்சு?"

"ஜன்னல்ல நின்னு பாத்தாங்களாம்."

உங்களுக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்கு நடந்ததையும் அவருக்கு நடந்ததையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை ஆபா. வைத்தால் நீங்களே என் கையைத் தட்டிவிடுவீர்கள். அன்றைக்கு நீங்கள் அழுதது முழுக்க அந்த அம்மாவுக்காகத்தான். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடி ஒன்று கேட்டீர்கள்.

"அவங்கள சார்ந்தவங்க யாரும் மிச்சம் இல்லன்ற. அப்ப அந்தப் பால் விஷயம் பசங்களுக்கு எப்டித் தெரிஞ்சுதாம்?"

"அந்த மன்றத்து மினிட் புக்குல இருந்துச்சாம்."

"யாரு எழுதுனது?"

"பேரு தெரில. அப்ப இருந்த கிளார்க்கு."

"நல்ல மனுஷன்" என்றீர்கள்.

அவ்வளவுதான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்துச் சொன்னீர்கள். மன்னிச்சுடுங்க ஆபா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களே என்னைக் காப்பாற்றுகிற மாதிரி, "கஞ்சி ஆறுது, எடுத்துக்கினு போ" என்றீர்கள். நானும் தூக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த நோன்புக்கு நீங்கள் இல்லை.

உங்கள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்திருந்தேன். உள்கூடத்தில் ஜமக்காளம் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். கிணற்றுத் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில், அந்தத் தெருவில் மூத்தவளான கன்னியம்மா பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: "தங்கமான மனுஷி. அந்தக் கெணறு ஒண்ணுலதான் எங்கள வுட்டுட்டாங்க."

மனதில் வைத்துச் சொல்லவில்லை, பாவம். உங்களைப் புகழும்போதே அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இனி ஒவ்வொரு முறையும் அது ஒட்டிக்கொண்டுதான் வரும் என்று அப்போது எனக்குப் புரிந்தது. நான் எழுந்து நின்றேன்.

"இல்ல கன்னியம்மா. ஆபா வேணாம்னுதான் சொன்னாங்க. எழுந்து நின்னு சொன்னாங்க. எழுத வேண்டியவ நான். நான்தான் எழுதாம வுட்டேன். அவங்க திரும்பக் கேட்டப்போ காதுல விழலன்னு பொய் சொன்னேன்."

கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"இத இப்ப வந்து சொல்றியேடி" என்றாள். பிறகு அப்படியே ஜமக்காளத்தில் உட்கார்ந்து, "நான்தான் மொதக் கொடம் வெச்சேன். நான்தான் மொதல்ல வெச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உங்கள் மருமகள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையை யாரும் பிடிக்கவில்லை. அதுவும் சரிதான்.

இப்போது எங்கள் மகளிர் குழுவில் கணக்கு, கூட்டம் எல்லாம் நான்தான் எழுதுகிறேன். "எல்லாருக்கும் சம்மதம்தானே" என்று தலைவி சொன்னதும், "இரு, யாருக்காவது வேணாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். கிழவிக்கு இதே பேஜார் என்று சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும். வேணாம் என்று ஒருத்தி முனகினாலும் பெயரோடு எழுதுகிறேன். ஏகமனதாக என்ற வார்த்தை என் கையில் வருவதில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வழக்கமும், எழுதாமல் நின்றுபோன அந்தப் பேனாவும்தான்.

நகராட்சியின் தீர்மானப் புத்தகத்தை இனி யாரும் திருத்த முடியாது. அங்கே என் அழகான கையெழுத்தில் அந்தப் பொய் அப்படியே இருக்கும். என் பழைய நோட்டைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன், எனக்குப் பிறகு அதைப் பத்திரமாக வைத்திருக்கும்படி நித்யாவிடமும் சொல்லிவிட்டேன். பேனாவுக்கு நேற்று கடைவீதியில் புது ரீஃபில் போட்டேன். அன்றைக்கு எழுதியிருக்க வேண்டியதை இன்றைக்கு இதில் எழுதுகிறேன்.

பொருள்: கிணற்றுத் தெருப் பொதுக் கிணற்றை மூடி, இடத்தைக் கிடங்கு கட்டக் குத்தகைக்கு விடுதல்.

தீர்மானம்: பெரும்பான்மையோர் ஆதரவுடன் நிறைவேறியது. உறுப்பினர் ஒருவர் எதிர்த்தார். பால் திரியாமல் டீ போட ஊரில் மிச்சம் இருப்பது இந்தத் தண்ணீர் ஒன்றுதான் என்று காரணம் கூறினார்.

எதிர்த்தவர்: மெஹருன்னிஸா, பதினோராம் வார்டு.

எழுதியவள்: சுகுணா, இளநிலை உதவியாளர். காதில் நன்றாக விழுந்தது.